குறும்பி

கடைக்காரியை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டுத்தான் மறுவேலை என்று சனிக்கிழமை காலை மகள் கிளம்பினாள். கைப்பையில் அம்மாவின் காதுக் கருவிகள் இரண்டும் ஒரு டப்பாவுக்குள் இருந்தன. கூடவே ஒன்றரைப் பக்கத்துக்கு ஒரு புகார்க் கடிதம். கடிதம் எழுத அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் அவளுடைய வேலையே அதுதான்: புகார் எழுதியவர்கள் மறுபடி எழுதத் துணியாதபடி பதில் எழுதுவது. அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். "படிச்ச படிப்புல பாதி இவளுக்குச் சண்டை போடத்தான் ஆகுது" என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்வாள். குறையாக அல்ல, பெருமையாகத்தான்.

புதன்கிழமை சலவைக்கூடத்தில் விபத்து. திங்கட்கிழமை காலை அம்மாவுக்கு விசாரணை. இடையில் இருந்தது இந்த இரண்டு நாள்தான்.

அம்மா ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் கூடத்தில் இருபத்திமூன்று வருடமாக வேலை பார்க்கிறாள். அதில் முதல் பதினோரு வருடம் பிரிப்பறையில். மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளை அவிழ்த்து, ரத்தம் தனி, மலம் தனி, சீழும் மருந்தும் தனி என்று பிரித்துத் தொட்டிகளில் போடும் அறை அது. சாப்பிட உட்காரும்போது கையை முகர்ந்து பார்க்காதே என்பதுதான் அங்கே புதிதாக வருகிறவளுக்குச் சொல்லித்தரும் முதல் பாடம். எத்தனையோ பேர் ஒரு வாரத்தில் ஓடிப்போனார்கள். அம்மா ஓடவில்லை. பதினோரு வருடம் கழித்து மாடிக்கு, உருளைக்கு ஏற்றினார்கள். அன்றைக்கு அவள் ஒரு கிலோ கேக் வாங்கி வந்தாள். மகளுக்கு அப்போது பத்து வயது. எதற்குக் கேக் என்று அவளுக்குப் புரியவில்லை.

உருளை என்பது ஆள் உயரத்துக்கு ஒரு இஸ்திரி மிஷின். கொதிக்கும் உருளைகளுக்கு நடுவே ஈர விரிப்பை இந்தப் பக்கம் கொடுத்தால் அந்தப் பக்கம் அப்பளம்போல மொடமொடவென்று வரும். இந்தப் பக்கம் கொடுக்கிறவள் அம்மா. அந்தப் பக்கம் வாங்குகிறவளை எல்லோரும் நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். வாசலில் குனிந்து நுழைகிற உயரம். மிஷின் நடுவில் நிற்பதால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. துணி உள்ளே சுருண்டுகொண்டால் நெட்டை "நிறுத்து!" என்று கூவ வேண்டும். அம்மா காலடிக் கட்டையை மிதித்து உருளையை நிறுத்திவிட்டு "ஆச்சு!" என்று திருப்பிக் கூவ வேண்டும். அந்த "ஆச்சு" காதில் விழாமல் நெட்டை கையை உள்ளே விடக் கூடாது. பக்கத்திலேயே துணி பிழியும் மிஷின்கள் ஆறு ஓடும். அந்த இரைச்சலில் நாளெல்லாம் நின்றால் யாருடைய காதுதான் உருப்படியாக இருக்கும்? அம்மாவின் காது மெல்ல மெல்லப் போனது. இரண்டு வருடத்துக்கு முன் கூடத்தில் காதுப் பரிசோதனை நடத்தினார்கள். கருவி மாட்டினால் உருளையில் நிற்கலாம், கருவி சரியாகக் கேட்கவில்லை என்றால் அன்றே சொல்லிவிட வேண்டும், சொல்லாமல் நின்றால் பிரிப்பறைதான் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

புதன்கிழமை தலையணை உறை ஒன்று உள்ளே சுருண்டது. நெட்டை "நிறுத்து" என்று கூவினாள். பதில் வரவில்லை. கொஞ்ச நாளாகவே அம்மாவிடமிருந்து "ஆச்சு" வருவதில்லை, ஆனால் உருளை நின்றுவிடும். தொண்டை வறண்டு கிடப்பாள், எதற்குக் கத்தச் சொல்வது என்று நெட்டையும் விட்டுவிட்டாள். அன்றைக்கும் வழக்கம்போல ஒரு மூச்சு விடும் நேரம் பொறுத்துவிட்டுக் கையை விட்டாள். உருளை நிற்கவில்லை. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் தோல் வெந்துபோனது.

அம்மா யாரிடமும் வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னது இவ்வளவுதான்: "மாட்டிட்டுதாண்டி இருந்தேன். கேக்கல."

மகளுக்கு அது போதும். கருவி பழுது. கடைக்காரி ஏமாற்றிவிட்டாள். வெள்ளிக்கிழமையே உட்கார்ந்து கடிதத்தை அடித்து, சலவைக்கூட மேலாளருக்கும் ஒரு பிரதி அனுப்பிவிட்டாள்.

*

காதுக் கருவிக் கடை ஒரு மருந்துக் கடைக்கு மேலே, குறுகிய படிக்கட்டில் ஏறிப் போகும் இடத்தில் இருந்தது. வெளியே இரண்டு நாளாக விட்டு விட்டுத் தூறல். குடையை மடக்கி மூலையில் வைத்துவிட்டு மகள் நேராக மேஜைக்கே போனாள். அங்கே இருந்தவளை வருகிறவர்கள் எல்லோரும் காதுக்காரம்மா என்பார்கள். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்திருப்பாள்; பேசும்போது வாயை நன்றாகத் திறந்து ஒவ்வொரு சொல்லாக வைப்பாள். சுவரோரம் ஒரு கிழவர் உட்கார்ந்து தன் முறைக்குக் காத்திருந்தார்.

"நீங்க வித்த மிஷினால ஒரு பொம்பளை கை வெந்து கிடக்கறா" என்றாள் மகள்.

"உக்காருங்க."

"உக்கார வரல. இந்த லெட்டரைப் படிங்க."

"படிக்கறேன். முதல்ல மிஷினைக் குடுங்க."

"மிஷினைக் குடுத்தா உள்ள போய் எதையோ மாத்திட்டு, எல்லாம் சரியாத்தான் இருக்குன்னு சொல்லுவீங்க. என் கண்ணு முன்னாடி பாருங்க."

"சத்தமாப் பேசும்மா" என்றார் கிழவர். "பாதிதான் கேக்குது. நானும் தெரிஞ்சுக்கறேன்."

காதுக்காரம்மா சிரிக்கவில்லை. டப்பாவைத் திறந்து ஒரு கருவியை எடுத்து, விளக்கு வைத்த பூதக்கண்ணாடிக்கு அடியில் பிடித்தாள். மெல்லிய கம்பியின் நுனியில் காதுக்குள் போகும் சின்ன ரப்பர் குடை இருந்தது. அதை இரண்டு விரலால் உருவினாள். உள்ளே கடுகளவு ஒரு ஓட்டை. ஓட்டை இருக்க வேண்டிய இடத்தில் தேன் நிறத்தில் ஒரு கட்டி. அதில் வெள்ளை வெள்ளையாக நூல்.

"பாருங்க" என்று கண்ணாடியைத் திருப்பினாள்.

"என்ன அது?"

"குறும்பி, காது அழுக்கு. உங்கம்மா எங்க வேலை செய்யறாங்க?"

"சலவைக்கூடத்துல."

"அதான். துணிப் பஞ்சு பறந்து குறும்பியோட சேர்ந்து இப்படி இறுகிடுச்சு. வேர்வை வேற." மேஜை இழுப்பிலிருந்து ஒரு குட்டிக் குச்சியை எடுத்தாள். அதன் ஒரு முனையை ஓட்டையில் குத்தி இழுத்ததும், அடைத்துக்கொண்டிருந்த வடிகட்டி அப்படியே கழன்று வந்தது. மறு முனையில் இருந்த புதிய வெள்ளை வடிகட்டியை உள்ளே அழுத்தினாள். பிரஷ்ஷால் நாலு முறை கீழ்நோக்கித் தட்டினாள், உலர்ந்த துணியால் துடைத்தாள், புதுக் குடையை மாட்டினாள். கருவியை ஒரு குழாயில் செருகித் தன் காதில் வைத்துக்கொண்டு "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றாள். பிறகு குழாயை மகளின் காதில் வைத்தாள்.

கிழவர் தொண்டையைச் செருமியது மகளின் காதுக்குள் இடிபோல விழுந்தது.

எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

"மிஷினுக்கு ஒண்ணுமில்ல" என்றாள் காதுக்காரம்மா, இரண்டாவதை எடுத்துக்கொண்டே. "இதுவும் அடைப்புதான். ஆறு மாசம் முன்னாடி ஒரு பெட்டி குடுத்தேன். எட்டு வடிகட்டி. மாசத்துக்கு ஒரு தடவை மாத்தணும், சலவைக்கூடம்னா இன்னும் சீக்கிரமே மாத்தணும்னு சொன்னேன். மாத்தினீங்களா?"

பெட்டி மகளின் அலமாரியில், சான்றிதழ்களுக்குப் பக்கத்தில் இருந்தது. இரண்டுதான் குறைந்திருந்தது.

"யார் சுத்தம் பண்றது வீட்ல?"

"அம்மாதான்" என்று சொல்ல வாய் வந்தது. பொய்யை எழுதுவது சுலபம். முகத்துக்கு நேரே சொல்ல வரவில்லை. "நான்தான்" என்றாள்.

"நீங்களா? அன்னைக்குச் சண்டை போட்டுட்டுப் போனது நீங்கதானே? அம்மா தண்ணியில போட்டுட்டாங்கன்னு?"

அதுவும் நடந்ததுதான். கருவி வாங்கிய பிறகு அம்மா ஒரு நாள் அதைத் தன் முறைப்படி சுத்தம் செய்தாள். இளஞ்சூட்டு நீர், சோப்பு, அலசல், உதறல். ஆஸ்பத்திரித் துணியையே பளிச்சென்று ஆக்குகிறவளுக்கு வேறு எப்படிச் சுத்தம் செய்யத் தெரியும்? கருவி செத்துப்போனது. மகள் வீடு அதிரக் கத்தினாள். பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்தன. "இது என்ன உன் சாக்கடைத் துணியா, தொட்டியில முக்கி எடுக்க? இனிமே இதுல கை வெக்காத. நானே பாத்துக்கறேன்" என்றாள். அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு தலையை ஆட்டினாள். கடை மாற்றிக் கொடுத்தது. மகள் பார்த்துக்கொண்டாள், கொஞ்ச நாள். பிறகு அலுவலகத்தில் வேலை கூடியது. பிறகு ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று ஆனது. பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமைகளும் போயின.

"ஒண்ணு கேக்கறேன்" என்றாள் மகள். குரல் இறங்கியிருந்தது. "அடைச்ச பிறகு எவ்வளவு கேட்டிருக்கும்?"

"உங்கம்மாவுக்குப் போட்டிருக்கறது முழுக்க மூடின குடை. மிஷின் வேலை செஞ்சா சரி. செய்யலன்னா காதுல தக்கை வெச்ச மாதிரி. கழட்டிப் போட்டிருந்தா இதைவிட நல்லாக் கேட்டிருக்கும்."

"எவ்வளவு நாளா?"

"இறுகியிருக்கறதைப் பாத்தா மூணு, நாலு மாசம் இருக்கும்." காதுக்காரம்மா கண்ணாடியை மறுபடி தலைமேல் ஏற்றினாள். "காதுக்குள்ளயும் சேர்ந்திருக்கும். அதை டாக்டர்கிட்ட எடுங்க, குச்சி கிச்சி விடாதீங்க. தினமும் ராத்திரி கழட்டி உலர்த்தற டப்பாவுல வைங்க. லெட்டர் என்னமோ சொன்னீங்களே, குடுங்க, படிக்கறேன்."

மகள் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"என்னம்மா, சண்டை முடிஞ்சுதா?" என்றார் கிழவர், நிஜமான ஏமாற்றத்தோடு.

*

வீட்டில் அம்மா மத்தியானத்துக்கு முட்டை வேகவைத்துக்கொண்டிருந்தாள். சம்பளம் இல்லாத கட்டாய விடுப்பு. உட்காரத் தெரியாதவள் வீட்டில் இருந்த அத்தனை துணியையும் வெளுத்துப் போட்டிருந்தாள். தூறலுக்குப் பயந்து அறைக்குள் கட்டிய கயிற்றில் துணிகள் தொங்கின. மகள் அவற்றை விலக்கிக்கொண்டு போய் அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, கருவிகளை மாட்டினாள்.

அம்மா துள்ளினாள்.

"என்ன சத்தம் அது?"

"முட்டை கொதிக்குதும்மா."

"இவ்ளோ சத்தமாவா கொதிக்கும்?"

மகள் அடுப்பை அணைத்தாள். இப்போது மாடியில் யாரோ கட்டிலை இழுத்தார்கள். குழாய் சொட்டியது. அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்து நின்றது. மகளால் அதைப் பார்க்க முடியவில்லை.

"எத்தனை நாளா கேக்கலம்மா?"

"எது?"

"எதுவும்."

அம்மா முட்டை ஓட்டைத் தட்டி உரித்தாள். "கொஞ்ச நாளா."

"தினமும் காலையில மாட்டிட்டுத்தானே போனே?"

"மாட்டலன்னா உள்ள விடமாட்டாங்களே."

"கேக்காமலே எப்படி நின்னே? நாலு மாசம் எப்படிம்மா நின்னே?"

"துணி சொல்லும்டி." அம்மா கையாலேயே காற்றில் ஒரு விரிப்பைப் பிடித்துக் காட்டினாள். "விரிப்பு நீளமா இருக்கும்ல? அந்தப் பக்கம் சுருண்டா இந்தப் பக்கம் நுனி லேசாத் துடிக்கும். அது துடிச்சா நான் மிதிச்சிருவேன். ஒரு நாள் தப்பினது இல்ல." பிறகு கையை மடியில் போட்டுக்கொண்டாள். "தலையணை உறை குட்டி. கையை விட்ட உடனே உள்ள போயிரும். அது எதுவும் சொல்லாது. எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

அம்மா உரித்த முட்டையை இரண்டாக வெட்டி உப்புத் தூவி மகளின் தட்டில் வைத்தாள். பெரிய பாதி மகளுக்கு. எப்போதும் அப்படித்தான்.

*

ஞாயிற்றுக்கிழமை மகள் நெட்டையின் வீட்டுக்குப் போனாள். அம்மாவிடம் சொல்லாமல், கையில் ஒரு டஜன் ஆரஞ்சுப் பழத்தோடு. நெட்டை கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் நீட்டி வைத்துக்கொண்டு, மறு கையால் வெங்காயம் நறுக்க முயன்றுகொண்டிருந்தாள். வெங்காயம் உருண்டு உருண்டு ஓடியது.

"குடுங்கத்தை, நான் நறுக்கறேன்."

"வாம்மா பட்டதாரி. உக்காரு. ஆரஞ்சா? உரிச்சுத் தின்ன எனக்கு இப்ப ரெண்டு கை எங்க இருக்கு?" என்று சிரித்தாள். "அம்மா எப்படி இருக்கா? ராத்திரி பகலா அழறாளா? அழ வேணாம்னு சொல்லு. மிஷின் கெட்டா அவ என்ன பண்ணுவா?"

மகள் வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே சொன்னாள். கண்ணில் நீர் வருவதற்கு வெங்காயம் ஒரு சாக்கு. மிஷின் கெடவில்லை, அடைப்பு, நான் சுத்தம் செய்வதாகச் சொன்னேன், செய்யவில்லை, நாலு மாதமாக அம்மாவுக்குக் கேட்கவில்லை என்று எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லிவிட்டு, நெட்டை கையை நீட்டித் தலையைத் தடவி, போகட்டும் விடு என்பாள் என்று மனத்தின் ஒரு மூலையில் காத்திருந்தாள். அதற்காகத்தான் அவள் வந்ததே.

நெட்டை சிரிப்பை நிறுத்தினாள்.

"நாலு மாசமாவா?"

"ஆமாத்தை."

"நாலு மாசமா நான் அந்தப் பக்கம் நின்னு சுவத்துக்கா கூவிட்டிருந்தேன்?"

"அம்மா துணியப் பாத்து..."

"துணியப் பாத்தா? ஏண்டி, என் கை என்ன துணியா?" எழுந்தேவிட்டாள், அந்த உயரத்துக்கு அறை போதவில்லை. "பன்னெண்டு வருசம் ஒரே டப்பாவுல சாப்பிட்டிருக்கோம் நானும் அவளும். எனக்குக் கேக்கலடின்னு ஒரு சைகை காட்டியிருந்தா, நான் ஒரு கயிறைக் கட்டி இழுத்திருக்க மாட்டேனா? காது கேக்காதவளோட நான் சாகற வரைக்கும் நிப்பேன். கேக்குதுன்னு ஏமாத்தறவளோட நிக்க மாட்டேன்."

"தப்பு என்னோடது அத்தை. அம்மா மேல கோவப்படாதீங்க."

"உன் மேல கோவம் இல்லன்னு யார் சொன்னா?" என்றாள் நெட்டை. "நீ படிச்சவ. கையில வேலை வெச்சிருக்கறவ. ஊருக்கெல்லாம் நியாயம் எழுதறவ. உங்கம்மா காதுல ஒரு பருக்கை அழுக்கு, அதை எடுக்க உனக்கு நேரமில்ல. நாளைக்கு அந்த ரூம்ல இதை நீ சொல்லுவியா?"

"சொல்லுவேன்."

"சொல்லு. பாக்கறேன்."

வெங்காயத்தை முழுக்க நறுக்கி, பாத்திரம் இரண்டைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு மகள் கிளம்பினாள். வேண்டாம் என்று நெட்டை தடுக்கவும் இல்லை, நன்றி என்று சொல்லவும் இல்லை.

*

திங்கட்கிழமை மேலாளரின் அறையில் நாலு நாற்காலி போட்டிருந்தார்கள். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் உருளை தெரிந்தது. அம்மாவின் இடத்தில் வேறொருத்தி நின்றாள். மேலாளர் நல்ல மனிதர்தான். நல்ல மனிதர் என்பதைவிட, ஃபைலை மூடிவிட்டு டீ குடிக்கப் போக விரும்பும் மனிதர். மகளின் கடிதத்தை மேஜைமேல் விரித்து வைத்திருந்தார்.

"பிரமாதமா எழுதியிருக்கீங்கம்மா. எங்க ஆபீஸ்ல இப்படி எழுத ஒருத்தர் இல்ல."

மகள் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அம்மா. எதிரே கட்டுப்போட்ட கையோடு நெட்டை. அவள் அம்மாவைப் பார்க்கவில்லை. மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேலாளர் கடிதத்தை உரக்கப் படித்தார். பொறுப்பற்ற விற்பனை, தரமற்ற கருவி, ஒரு உழைக்கும் பெண்ணின் நம்பிக்கைக்கு இழைத்த துரோகம். வெள்ளிக்கிழமை அந்த வரிகளை அடித்தபோது மகளுக்கு உடம்பெல்லாம் சூடு ஏறியிருந்தது. இப்போது ஒவ்வொரு வரியும் அவளைப் பார்த்தே யாரோ எழுதியது போல இருந்தது.

"ஆக, கருவிக் கோளாறு" என்றார் மேலாளர். "தொழிலாளி தப்பும் இல்ல, கம்பெனி தப்பும் இல்ல. கருவி இப்ப சரியாயிடுச்சா? சரி. இதுல ஒரு கையெழுத்துப் போட்டா, அம்மா இன்னைக்கே உருளைக்குப் போகலாம்."

சொல்ல வேண்டியதை மகள் பஸ்ஸில் வரும்போதே மனப்பாடம் செய்திருந்தாள். வாயில் இருந்தது. சொன்னால் அம்மா தெரிந்தே நின்றாள் என்று ஆகும். தெரிந்தே நின்றாள் என்றால் பிரிப்பறை. சொல்லாவிட்டால் அம்மா மாடியிலேயே இருப்பாள். கருவியும் இப்போது கேட்கிறது. இனி ஒழுங்காகத் துடைத்துவிட்டால் போயிற்று. யாருக்கு என்ன நஷ்டம்? நெட்டையின் கைக்கட்டிலிருந்து மருந்து வாடை வந்தது. அவர் தாளைத் திருப்பி வைக்கட்டும், சொல்லலாம் என்று நினைத்தாள். திருப்பி வைத்தார். பேனாவை எடுக்கட்டும் என்று நினைத்தாள். எடுத்தார். அதை அம்மாவிடம் நீட்டினார்.

மகளின் வாய் திறக்கவில்லை.

"ஐயா, அது கெட்டுப்போகல" என்றாள் அம்மா.

"என்னம்மா?"

"மிஷின் கெட்டுப்போகல. அழுக்கு அடைச்சிருந்தது. எனக்கு நாலு மாசமாக் கேக்கல."

"நாலு மாசமா? தெரிஞ்சா நின்னீங்க?"

"தெரிஞ்சேதான் நின்னேன்."

"ஏன் சொல்லல? கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்களே."

"சொன்னா கீழ அனுப்பிருவீங்கன்னு சொல்லல." அம்மா முதல் முறையாக நெட்டையின் பக்கம் திரும்பினாள். "உன்கிட்டயாவது சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்."

நெட்டை உதட்டைக் கடித்துக்கொண்டு கண்ணாடிச் சுவரைப் பார்த்தாள்.

மேலாளர் பேனாவை மூடினார். டீ தள்ளிப்போனது. "அந்தக் கருவியை யாரும்மா சுத்தம் பண்றது?"

"என் காது. என் மிஷின். நான்தான்" என்றாள் அம்மா.

"இல்ல சார்." அப்போதுதான் மகளுக்குக் குரல் வந்தது, அதுவும் தேவைக்கு மேல் சத்தமாக. "நான்தான். அம்மாவை அதைத் தொடக் கூடாதுன்னு சொல்லிட்டு, நான் பாத்துக்கறேன்னு சொல்லிட்டு, பாக்கல. தப்பு என்னோடது. அந்த லெட்டர்ல இருக்கறது எல்லாம் பொய். என் பேரை எழுதிக்குங்க."

மேலாளர் அவளைக் கொஞ்சம் இரக்கத்தோடு பார்த்தார். "அது உங்க வீட்டு விஷயம்மா. இந்தத் தாள்ல தொழிலாளி பேருக்குத்தான் இடம் இருக்கு."

எழுதினார். பேனா ஓடும் சத்தம் அம்மாவுக்குக் கேட்டிருக்க வேண்டும், தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிரந்தரமாகப் பிரிப்பறை என்று எழுதப் போனவரை நெட்டைதான் நிறுத்தினாள்.

"ஆறு மாசம்னு போடுங்க சார். என் கை ஆறவே அவ்வளவு நாள் ஆகும். அப்புறம் அவ காதை டெஸ்ட் பண்ணிட்டு, என் எதிர்லயே நிறுத்துங்க."

"நிக்க மாட்டேன்னீங்களே அத்தை" என்று மகள் முணுமுணுத்தாள்.

"அவ சொல்லிட்டாள்ல" என்றாள் நெட்டை. "நீதான் கடைசி வரைக்கும் முழுங்கிட்டு உக்காந்திருந்தே."

*

பிரிப்பறைக்குப் பின்பக்கப் படி வழியாக இறங்க வேண்டும். இரண்டு தளம். தூறலில் படி வழுக்கியது. மகள் அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லியிருந்தாள். எதற்கென்று தெரியாமல் அம்மாவின் பின்னாலேயே இறங்கினாள். அம்மா கைப்பிடியைத் தொடாமல், எந்தப் படி உடைந்தது என்று இன்னும் நினைவில் வைத்திருக்கிறவளாக இறங்கிக்கொண்டிருந்தாள்.

கதவுக்கு வெளியே ஆணியில் தொங்கிய ரப்பர் ஏப்ரன்களில் ஒன்றை எடுத்துத் தலைவழியே மாட்டிக்கொண்டாள். பிறகு காதிலிருந்து கருவிகளைக் கழற்றி, கைக்குட்டையில் சுற்றி மகளிடம் நீட்டினாள்.

"உள்ள ஒரே ஈரம். இங்க கூப்பிடவும் ஆளில்ல. வீட்டுக்குப் போய் உலர்த்தற டப்பாவுல வெச்சிரு."

மகள் வாங்கிக்கொண்டாள். கைக்குட்டை இளஞ்சூடாக இருந்தது.

"ஒண்ணே ஒண்ணு சொல்லும்மா." அம்மாவுக்குத் தெரியும்படி முகத்துக்கு நேராக, உதட்டை அசைத்துச் சொன்னாள். "கேக்கலன்னு ஆனப்ப, துடைச்சுக் குடுடின்னு ஏன் என்கிட்ட ஒரு தடவை கேக்கல? கத்துவேன்னு பயந்தியா?"

"நீ கத்தறதுக்கா பயம்? நீ பொறந்ததிலேருந்து கத்தற." அம்மா ஏப்ரனின் நாடாவைப் பின்னால் முடிச்சுப் போட்டாள். ஒரு முறை அவிழ்த்து மறுபடி போட்டாள். "ஒரு நாள் நீ கண்ணாடி முன்னாடி உக்காந்து துடைச்சிட்டிருந்தே. நான் துணி எடுக்க உள்ள வந்தேன். கண்ணாடியில உன் முகம் தெரிஞ்சுது."

"என் முகமா?"

"மூக்கு இப்படிச் சுருங்கிச்சு." காட்டவில்லை, சொல்ல மட்டும் செய்தாள். "உனக்கே தெரிஞ்சிருக்காது. பாவம், அது தானா வர்றது. அதுக்கப்புறம் எப்படிக் கேக்கறது?"

அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. துணியில் கறை எங்கே இருக்கிறது என்று இன்னொருத்திக்குச் சொல்லும்போது இருக்கும் குரல்தான் அது. மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கருவி தன் கையில் இருப்பது நினைவுக்கு வந்தது.

அம்மா கையுறைகளை இழுத்து மாட்டிக்கொண்டு கதவைத் தோளால் தள்ளினாள். உள்ளே இரவெல்லாம் சேர்ந்த மூட்டைகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. முதல் மூட்டையை இழுத்துப்போட்டு முடிச்சை அவிழ்த்தாள். விரிப்புகள் தளர்ந்து சரிந்தன. அதற்குள்ளிருந்து ஒரு வாடை எழுந்து வாசல் வரைக்கும் வந்தது.

மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். முகத்தை அசைக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். கன்னம், நெற்றி, உதடு எல்லாம் அவள் சொன்னபடி கேட்டன. மூக்கு மட்டும் கேட்கவில்லை.

சரியாக அப்போதுதான், "இன்னும் போகலையா நீ?" என்று அம்மா திரும்பினாள்.